வேகப் பெட்டிக்கு வைத்த சந்தனப் பொட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஓர் ஈயச் சுரங்க முதலாளியின் அமெரிக்கக் காரைக் கெடுத்தவன் நான்தான். சுத்தியலால் அல்ல, வலது கை மோதிர விரலால். போன வருஷம் ஆயுத பூஜை அன்று அந்தக் காரின் பானெட்டுக்குள் இருந்த ஒரு பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். பெட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. மக்கர் தீரட்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்தேன். மக்கர் கூடியது. பொட்டைப் பெரிதாக்கினேன். இதற்கிடையில், பழுதே இல்லாத மூன்று சாமான்களைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டேன். அத்தனை நாளும் என் மேஜையில் பௌதிகப் புத்தகம் ஒன்று திறந்தபடியே கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

இன்று மறுபடி ஆயுத பூஜை. காலையில் சந்தனம் அரைக்க உட்கார்ந்தபோது கை தயங்கியது. அந்தத் தயக்கத்தின் வரலாற்றை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றிற்று. இதில் என் மானம் போகும் இடங்கள் நிறைய. ஆனாலும் எழுதி முடிக்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளப் போகிறேன். அதற்குக் காரணம் நான் இல்லை. பொன்னமராவதிக்காரி ஒருத்தியும் ஆவூர்க்காரன் ஒருவனும்.

2

1948 ஆரம்பத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அதற்கு முன்பு புதுக்கோட்டையிலிருந்து கட்டுமாவடி போகும் பஸ்ஸில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் என்று சொல்லிக்கொள்ள அப்போது மனமில்லை, ஆனால் உத்தியோகம் அதுதான். கப்பல் ஏறும்போது நான் புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிரஜை. இங்கே இறங்கி, வேலை தேடி, ஊரிலிருந்து இரண்டாவது கடிதம் வருவதற்குள் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த விண்ணப்பப் பாரம் நிரப்பினாலும் ‘பிறந்த நாடு’ என்ற கட்டத்துக்கு வந்ததும் எனக்கும் அதிகாரிக்கும் ஒரு சின்ன வழக்கு நடக்கும்.

“புதுக்கோட்டை ஸ்டேட் எங்கே இருக்கிறது?”

“இப்போது இல்லை, ஐயா.”

“இல்லாத நாட்டில் எப்படிப் பிறந்தாய்?”

“பிறக்கும்போது இருந்தது.”

அவர் எதையோ எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். பதினைந்து வருஷத்தில் நான் எத்தனை நாடுகளில் பிறந்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

இப்போது சுரங்க ஆபீசில் கிராணி. இங்கே குமாஸ்தாவை அப்படித்தான் சொல்வார்கள். லாரிகள், டயர்கள், டிரைவர்களின் லீவு எல்லாம் என் பொறுப்பு. முதலாளி சீனர். சீன முதலாளியை இங்கே தவுக்கே என்பது வழக்கம். அவர் கடைத்தெரு மலாயில் பேசுவார். நான் எனக்கே சொந்தமான ஒரு மலாயில் பதில் சொல்வேன். எங்களுக்குள் பெரிய மனஸ்தாபம் எதுவும் வராததற்கு, பாதி புரியாமல் போனதே காரணம் என்று நினைக்கிறேன்.

தாய்நாடு திரும்பிய ஓர் அமெரிக்கரிடமிருந்து தவுக்கே அந்தக் காரை வாங்கினார். பின்பக்கம் மீன் வாலைப் போல இரண்டு செட்டைகள். நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தலை எங்கள் வீட்டு வாசலில் நின்றால் வால் அடுத்த வீட்டுக் கோலத்தில் நிற்கும். அதில்தான் அந்தப் பெட்டி இருந்தது. புத்தகத்தில் க்ரூஸ் கண்ட்ரோல் என்று போட்டிருந்தது. நாங்கள் வேகப் பெட்டி என்போம். டிரைவருக்கு முன்னால் ஒரு வட்டத் திருகு. அதை நாற்பதில் வைத்தால் கார் நாற்பது மைலிலேயே போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். மேடு வந்தால் பெட்டியே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும், பள்ளம் வந்தால் குறைத்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டால் ஒதுங்கிக்கொள்ளும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓட்டலாம், கீரனூரில் மாடு குறுக்கே வராமல் இருந்தால்.

ஓட்டுகிறவன் சவரிமுத்து. ஆவூர்க்காரன். கட்டுமாவடி பஸ்ஸை ஓட்டியவனும் அவனேதான். எனக்கு மூன்று வருஷம் பின்னால், வெளியூர்க்காரர்களை உள்ளே விடும் வாசல் இவ்வளவு குறுகுவதற்கு முன்னால், இங்கே வந்து சேர்ந்தான். மனைவி ஆரோக்கியமேரியும் இரண்டு பெண்களும் ஆவூரிலேயே இருந்தார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சின்னவள் இரண்டாவது தடவை அவனைப் பார்த்து, “மாமா, யாரைப் பாக்கணும்?” என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு அவன் தன் குடும்பத்தை இங்கே கூட்டிவர மனுப் போட்டான். மனுவோடு முதலாளியின் கடிதம் வேண்டும்: வேலை நிரந்தரம், நடத்தை நன்று, குடியிருக்க வீடு உண்டு. நான் கடிதத்தை டைப் அடித்து வைத்திருந்தேன். தவுக்கேயின் கையெழுத்துதான் பாக்கி.

நிலைமை அப்படி இருந்தபோதுதான் போன வருஷத்து ஆயுத பூஜை வந்தது.

3

சுரங்கத்தில் பூஜைக்குப் பொறுப்பும் கிராணிதான். லாரிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தி, ரேடியேட்டருக்கு நேரே பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டுவோம். அமெரிக்கக் கார் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல். வெளியே எதுவும் பூசினால் பெயிண்ட் போய்விடும் என்று தவுக்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பொட்டு இல்லாமல் ஒரு வண்டியைப் பூஜையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பானெட்டைத் திறந்தேன்.

உள்ளே அந்தப் பெட்டி தெரிந்தது. முகம் மாதிரி வழவழப்பு. நடுவில் ஒரு பித்தளைக் குமிழ். அதற்குள்ளிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு லீவர் வெளியே வந்தது. செய்தவனே பொட்டுக்கு இடம் விட்டிருக்கிறான் என்று எனக்குப் பட்டது.

சவரிமுத்து பக்கத்தில் நின்றான். எங்கள் பூஜைக்கு அவன் ஒரு வருஷமும் வராமல் இருந்ததில்லை. பொரிகடலை அவனுக்குப் பிடிக்கும்.

“அண்ணே, உள்ளுக்க வேணுமா?”

“சாமிக்கு உள்ளென்ன, வெளியென்ன?”

“சரிண்ணே. சூடத்தை மட்டும் அங்கிட்டே வச்சிக்கிருங்க. பெட்ரோலு.”

குமிழைச் சுற்றி நன்றாகக் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. இதை நான் இன்றும் மறுக்கமாட்டேன்.

4

தீபாவளி நெருங்கும்போது கோளாறு தொடங்கிற்று. திருகை நாற்பதில் வைத்தால் கார் நாற்பத்தெட்டுக்கு ஏறியது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தது போல முப்பத்திரண்டுக்கு இறங்கியது. மறுபடி ஏறியது. உள்ளே இருப்பவர்கள் தூளியில் கிடக்கும் பிள்ளையைப் போல முன்னும் பின்னும் ஆடினார்கள். ஒருநாள் தவுக்கே பின்சீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு போனார். நாற்பத்தெட்டில் வாய்க்குப் போன தேநீர் முப்பத்திரண்டில் வெள்ளைக் கால்சட்டைக்கு வந்தது.

ஆபீசுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“உன் ஊர்க்காரனின் கால் குடித்திருக்கிறது.”

“அவன் குடிக்கமாட்டான், தவுக்கே.”

“அவன் குடிக்கமாட்டான். அவன் கால் குடிக்கிறது. பெட்டி ஓட்டும்போது இவனும் மிதிக்கிறான்.”

பெட்டியில்தான் பழுது என்றேன். அப்படியானால் சீனப் புத்தாண்டுக்குள் சரிசெய்து காட்டு என்றார். ஆகாவிட்டால் பழுது டிரைவரிடம் என்று என் கையாலேயே எழுதித் தர வேண்டும். சவரிமுத்துவின் கடிதம் அதுவரை அவர் மேஜைக்கு வரக்கூடாது.

வெளியே சவரிமுத்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நான் காலை எடுத்துட்டுத்தாண்ணே ஒக்காந்திருந்தேன். ரெண்டு காலும் கதவோரமா இருந்துச்சு.”

“எனக்குத் தெரியாதா? நீ கவலைப்படாதே. நான் பாத்துக்கிறேன்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன காரியங்களின் பட்டியல் என் மனைவியிடம் இருக்கிறது. எதுவும் நன்றாக முடிந்ததில்லை.

5

காரோடு வந்த பழுதுபார்க்கும் புத்தகத்தை என் மகள் பத்மாவிடம் கொடுத்தேன். பதினைந்து வயது, கான்வென்டில் படிக்கிறாள். இங்கிலீஷில் கனவு காண்கிறாள் என்று சந்தேகம். தமிழை, நான் மன்றாடிக் கேட்டுக்கொண்டால், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். புதுக்கோட்டையிலிருந்து அவள் அத்தை நாலு பக்கம் எழுதினால், “சுருக்கமா என்ன சொல்றாங்கப்பா?” என்று கேட்பாள். நாலு பக்கப் பாசத்தையும் பிழிந்து, “நல்லா இருக்காங்களாம்” என்பேன். “ஓகே லா” என்று போய்விடுவாள்.

அவள் புத்தகத்தைப் புரட்டி, “ஸ்பீட் ஏறி இறங்கினா என்ன செய்யணும்னு ஒரு பேஜ் இருக்குப்பா” என்றாள். “பஸ்ட் லைன்: பெட்டியிலேர்ந்து வர்ற லீவர்ல தூசி, அழுக்கு இருக்கான்னு பாருங்க. எதையும் மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.”

“அது அமெரிக்காக்காரனுக்காக எழுதினது. அவன் எங்கே வண்டியைத் தொடைக்கப் போறான்? நம்ம காருக்கு வாராவாரம் பொட்டு வச்சுப் பராமரிக்கிறேன். அடுத்த வரியைப் படி.”

“அடுத்தது கேபிள்.”

“அதான்.”

சக்கரத்தின் சுழற்சியைப் பெட்டிக்கு எடுத்துப்போகும் முறுக்குக் கம்பி அது. லாரி சாமான் கடையில் புதிது வாங்கி மாட்டினேன். பழையதைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்திருந்தால், ஓர் இழைகூட அறுபடவில்லை என்று தெரிந்திருக்கும். புதியது ஓர் அங்குலம் நீளம். அதன் விளைவாக வேகம் காட்டும் முள்ளும் சாமியாட ஆரம்பித்தது.

அடுத்தது ஸ்பிரிங். இரும்புச் சாமான் கடையில் ஒரு கிழச்சீனர் இழுப்பறை நிறைய ஸ்பிரிங் வைத்திருந்தார். வெண்டைக்காய் வாங்குகிறவனைப் போல ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்து, உள்ளதிலேயே விறைப்பானதைத் தேர்ந்தெடுத்தேன். பலமாக இருந்தால் நல்லது என்று நான் மனிதர்களைப் பற்றிக்கூட நினைத்ததில்லை, ஸ்பிரிங்கைப் பற்றி நினைத்தேன். மாட்டிய மறுநாள் நாற்பதில் வைத்த கார் ஐம்பத்தைந்துக்குப் போய், அங்கிருந்து ஏறி இறங்கிற்று. எந்த வேகத்தில் பெட்டி ‘போதும்’ என்று சொல்ல வேண்டும் என்பதை அந்த ஸ்பிரிங்தான் தீர்மானிக்கிறதாம். கம்பியின் கனம், சுற்றின் எண்ணிக்கை, நீளம் மூன்றும் பழையதைப் போலவே இருக்க வேண்டுமாம். இதையும் பத்மாதான் படித்துச் சொன்னாள், மாட்டிய பிறகு.

மூன்றாவதாக, பிரேக் மிதித்தால் பெட்டியை ஒதுக்கும் ஸ்விட்ச். சிங்கப்பூரிலிருந்து பார்சலில் வந்தது. சுங்க ஆபீசில் ஒரு மலாய் அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன?”

“காரைத் தானாகவே ஓட்டும் பெட்டிக்கு உரியது, ஐயா.”

“தானாக ஓடுகிற காருக்கு டிரைவர் எதற்கு?”

“எங்கள் தவுக்கேவும் அதைத்தான் கேட்கிறார்.”

பாரத்தில் மூன்று பிரதி. விவசாயக் கருவியா, மருந்தா, விளையாட்டுச் சாமானா என்று கட்டங்கள். ஸ்விட்ச் மூன்றிலும் அடங்கவில்லை. அவர் யோசித்து ‘இதர’ என்ற கட்டத்தில் குறி போட்டார். இந்த நாட்டில் நானும் அந்தக் கட்டத்தில்தான் குடியிருக்கிறேன் என்பதால் ஸ்விட்சின் மேல் ஒரு பந்தபாசம் வந்தது. மாட்டினேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

முழுப் பெட்டியையே மாற்றிவிடுவது என்று முடிவுக்கு வந்தேன். சிங்கப்பூர் வியாபாரி பதில் எழுதினார்: அமெரிக்காவிலிருந்து புதிது வர மூன்று மாதம் ஆகும், அடிபட்ட கார் ஒன்றிலிருந்து கழற்றியது கையிருப்பில் உண்டு, ஆனால் லீவர் எதிர்ப்பக்கம் இருக்கும். இடது கைப் பழக்கமுள்ள பெட்டி. அதையும் எடுத்து வைக்கச் சொல்லி எழுதிப் போட்டேன். என் நிலைமை அப்படி.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. கழற்றிய பழைய சாமான்களை நான் குப்பையில் போடப் போகும்போதெல்லாம் சவரிமுத்து, “குடுங்கண்ணே” என்று வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

6

புத்தாண்டுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, டிரைவர் மேல் பழி எழுதும் தாளை டைப்ரைட்டரில் செருகினேன். தேதியை அடித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எனக்குச் சவரிமுத்துவின் காலைத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும்.

கட்டுமாவடியிலிருந்து காலையில் திரும்பும் பஸ்ஸின் கூரை முழுக்க மீன் கூடைகள். பஸ் குலுங்கினால் மீன் தண்ணீர் ஜன்னல் வழியாக உள்ளே வரும். முன்வரிசையில் அரசாங்கக் கச்சேரிகளில் வேலை பார்ப்பவர்கள் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். வேறு டிரைவர் ஓட்டும் நாளில் அறந்தாங்கிக்குள் இரண்டு சண்டையாவது வரும். சவரிமுத்து ஓட்டினால் ஒரு சொட்டு உள்ளே வராது. மணமேல்குடி தாண்டி நேர்ச்சாலையில் விழுந்ததும் ஆக்சிலேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பனங்கட்டையைச் சொருகிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வான். ஆட்டு மந்தை தெரிந்தால் தட்டிவிடுவான். பஸ் முதலாளி பார்த்துவிட்டுக் கட்டையைப் பிடுங்கி எறிந்தார். அன்றிலிருந்து கட்டை செய்த வேலையைக் கால் செய்தது. வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் எழுதுவது என் வேலை. மற்றவர்கள் ஓட்டும்போது எழுதிய டிக்கெட்டை நானே மறுபடி வாசிக்க முடியாது. சவரிமுத்து ஓட்டும்போது எழுதியது அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தக் காலைக் குடிகாரக் கால் என்று நான் எப்படி எழுதுவது?

தாளை உருவிக் கிழித்தேன். மறுநாள் இன்னொன்றைச் செருகினேன். நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆவூரிலிருந்து வந்த கடிதத்தில், பெட்டி படுக்கையை எப்போது கட்டலாம் என்று ஆரோக்கியமேரி கேட்டிருந்தாள். அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, “நீங்களே பாத்து ஒரு பதில் எழுதுங்கண்ணே” என்று கொடுத்தான் சவரிமுத்து. அந்தத் தாளிலும் தேதியை மட்டும்தான் எழுதினேன்.

7

கடைசி ஞாயிற்றுக்கிழமை காரை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். பின்சக்கரங்களைக் கட்டை வைத்துத் தூக்கி, கார் நின்ற இடத்திலேயே ஓடும்படி செய்து, பெட்டியை நாற்பதில் வைத்தோம். இஞ்சின் உறுமி ஏறியது, சோர்ந்து இறங்கியது, உறுமி ஏறியது.

உள்ளே என் மனைவி காமாட்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் பொன்னமராவதி. அவள் அப்பா அங்கே நெல் மில்லில் இஞ்சின் டிரைவர். பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அவருக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துப் போனவள், சாப்பிட்டு முடிக்கும்வரை இஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றவள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் இதைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. புத்தகத்தில் இருப்பதைத்தான் கேட்பேன்.

கீரைக் கையோடு வெளியே வந்தாள்.

“என்னங்க, அதை நிப்பாட்டுங்க. கேக்கவே பாவமா இருக்கு.”

“இது அமெரிக்க இஞ்சின். உனக்குத் தெரியாது.”

“எந்த ஊரா இருந்தா என்ன? மூச்சு வாங்குது. எங்க அப்பா மில்லுல கவர்னர்ல தவிடு ஏறுனா இப்படித்தான் இழுக்கும்.”

நெல் மில் இஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து எண்ணெயைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கி எண்ணெயைக் கூட்டும். அதற்குத்தான் கவர்னர் என்று பெயர். என் பௌதிகப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. திறந்து வைத்திருந்த பக்கத்துக்கு நாலு பக்கம் தள்ளி.

“இந்தப் பெட்டிக்குள்ளயும் அப்படி ரெண்டு சின்னக் குண்டு சுத்துதாம் அண்ணி” என்றான் சவரிமுத்து.

“குண்டு சரியாத்தான் சுத்துது தம்பி. அது சொல்றது தாமசமாப் போய்ச் சேருது. நடுவுல எங்கிட்டோ பிடிக்குது, பெறகு விடுது. அதான் அளவு மீறி ஏறுது, அளவு மீறி எறங்குது. எங்க, காட்டுங்க.”

குனிந்து பார்த்தாள். குமிழைச் சுற்றி, லீவர் நுழையும் துளை வரைக்கும், எண்ணெயும் சூடும் பட்டுக் கருத்துப்போன ஓர் அடை. புளியங்கொட்டை மாதிரி கெட்டி.

“இது என்னங்க?”

“பொட்டு.”

“ஒரு பொட்டா?”

விரல் விட்டு எண்ணினேன். “ஆயுத பூஜையோட சேத்துப் பன்னெண்டு.”

காமாட்சி என்னைப் பார்த்தாள். கல்யாணத்தன்று மணவறையில் முதல் தடவை நிமிர்ந்து பார்த்தபோதும் அப்படித்தான் பார்த்தாள்.

படியில் உட்கார்ந்திருந்த பத்மா, “பஸ்ட் லைன், அப்பா” என்றாள்.

பிறகு நடந்ததெல்லாம் மில் முறைப்படி நடந்தது. ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய், ஒரு கோழி இறகு. இறகை மண்ணெண்ணெயில் தோய்த்துத் துளைக்குள் விட்டுத் திருகித் திருகி எடுத்தாள். பழுப்பாகக் கரைந்து வந்தது. சந்தன வாசனை தெரு முழுக்க வீசியது. இந்த வீதியில் அவ்வளவு மணமாக யாரும் கார் பழுது பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

சவரிமுத்து பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தான். அவள் பழைய ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“நல்லாத்தானே இருக்கு. இதை ஏன் கழட்டுனீங்க?”

பழைய ஸ்பிரிங், பழைய கேபிள், பழைய ஸ்விட்ச் மூன்றையும் சவரிமுத்து மாட்டினான். இஞ்சின் மறுபடி ஓடியது. நாற்பதுக்கு வந்தது. அங்கேயே நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அது ஒரே சுருதியில் போய்க்கொண்டே இருந்தது.

காமாட்சி “ம்” என்றாள். கீரை வாடிவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.

8

இருவரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது சவரிமுத்துவிடம் சொன்னேன். “பாத்தியா, கடைசியில பொட்டுதான் காரணம்.”

அவன் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “அது அப்பவே தெரியும்ண்ணே.”

“எப்ப?”

“தீபாவளிக்கு முந்தியே.”

“தெரிஞ்சுமா சொல்லாம இருந்தே?”

“என்னத்தைச் சொல்ல? நான் வேதக்காரன். ஒங்க சாமிக்கு வச்ச பொட்டால வண்டி கெட்டுப் போச்சுன்னு நான் சொன்னா நல்லாவா இருக்கும்?”

“பேசாமத் தொடைச்சிருக்கலாமே.”

“பூசையில வச்சதை நான் தொடைக்கவா? நீங்களாக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு இருந்தேன். படிச்சவுகல்ல.”

“ஒன் குடும்பம் வர்றது கெட்டுப் போயிருக்குமேடா.”

“போயிருக்கும்” என்றான். “அதுக்காவ?”

ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, பெயர் தெரியாத கட்டங்களில் அடைபட்டுக் கிடந்தாலும், எங்கள் பக்கத்து மனிதர்கள் எந்த மரத்தில் செய்யப்பட்டவர்கள் என்று அந்தக் குழாயடியில் பார்த்தேன். பெருமையாகவும் இருந்தது, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு தவுக்கேயிடம் போனேன். வேலை போனாலும் சட்டை நன்றாக இருக்கட்டும் என்றுதான். கரைத்தெடுத்த அடையின் ஒரு துண்டைக் காகிதத்தில் பொதிந்து அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். என் மலாயில் முதல் தடவையாக ஒரு வாக்கியம்கூடப் பிசகவில்லை. உண்மை பேசும்போது இலக்கணம் கூட வருகிறது போலும்.

அவர் துண்டை முகர்ந்து பார்த்தார்.

“மந்திரமா?”

“மரியாதை.”

“லாரிகளுக்கும் வைத்தாயா?”

“வெளியே.”

துண்டை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து காருக்குப் போனார். உள்ளே டாஷ்போர்டில், காற்று வரும் துளையின் மேல், அவர் கோயிலிலிருந்து கொண்டுவந்த சிவப்புத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மாதக்கணக்காகக் காற்றே வரவில்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டிருந்தது எனக்கு நினைவு வந்தது. தாளை நகத்தால் மெல்லப் பெயர்த்து, ஒருதரம் கண்ணில் ஒற்றி, அடுத்த பக்கத்தில் ஒட்டினார். திரும்பி வந்து சவரிமுத்துவின் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“குடித்திருந்தது டிரைவரின் கால் இல்லை” என்றார். “கிராணியின் விரல்.”

9

பொன்னமராவதிக்கு மாமனாருக்கு விவரமாக எழுதினேன். அவருடைய மகள் அமெரிக்கக் காரின் பழுதைக் கீரை உருவும் நேரத்தில் கண்டுபிடித்தாள் என்று. பதில் கார்டில் ஒரே கேள்விதான் இருந்தது: “அதில் குண்டு ரெண்டா, மூணா?” இரண்டு என்று எழுதினேன். திருப்தி அடைந்தவர் மாதிரி அதோடு விட்டுவிட்டார்.

பத்மா பள்ளியில் கவர்னரின் படத்தைப் போட்டு விளக்கம் எழுதினாள். எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாய் என்று டீச்சர் கேட்டதற்கு, ‘என் அம்மா’ என்று எழுதிக் கொடுத்தாளாம். இப்போதெல்லாம் சமையலறையில் போய் உட்கார்ந்து, மில்லைப் பற்றி ஏதாவது கேட்கிறாள். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். அத்தைக்கு அவளாகவே ஒரு கடிதம் எழுதினாள். பதினோரு பிழை. நான் திருத்தாமல் தபாலில் போட்டேன்.

ஆரோக்கியமேரியும் பெண்களும் பினாங்கில் வந்து இறங்கினார்கள். தவுக்கே காரைக் கொடுத்தனுப்பினார். நானும் காமாட்சியும் கூடப் போயிருந்தோம். திரும்பும்போது நேர்ச்சாலையில் சவரிமுத்து திருகை நாற்பதில் வைத்துவிட்டு இரண்டு காலையும் கதவோரம் மடக்கிக்கொண்டான்.

“காலை எடுத்துட்டீங்களே, வைங்க” என்று மேரி பதறினாள்.

“பேசாம இரு. இதை ஒன் புருசன் ஓட்டலை. அண்ணி ஓட்டுது.”

காமாட்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பது தோளில் தெரிந்தது. நான் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினேன். புதுக்கோட்டை, அரிமளம், அறந்தாங்கி, மணமேல்குடி, கட்டுமாவடி. ஓர் எழுத்தும் கோணவில்லை. சவரிமுத்துவின் சின்னவள் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு, “அப்பா, கட்டுமாவடி வருமா?” என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் நாற்பதில் நின்றது.

இன்று காலை சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்குப் போனேன். லாரிகள் கழுவி நின்றன. கார் ஓரமாகப் பளபளத்தது. இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றதையெல்லாம் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு, “இந்த வருஷம் டயருக்கு மட்டும் வைக்கிறேன், போதுமா?” என்று சவரிமுத்துவைக் கேட்டேன். பெருந்தன்மையாகத்தான் கேட்டேன்.

“எங்கிட்டு வேணாலும் வைங்கண்ணே” என்றான் அவன், பொரியை மென்றுகொண்டே. “தவுக்கே பானெட்டுக்குப் பூட்டுப் போடச் சொல்லிட்டாரு. சாவி ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட இருக்கு, ஒண்ணு அண்ணிகிட்ட.”